இரண்டு புள்ளி வைத்த ழ

கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த மூன்றாவது வருஷம் என் வலது தோள் இறுகிப்போனது. முதலில் ரவிக்கைக் கொக்கி மாட்டக் கை பின்னால் போகவில்லை. பிறகு மெட்ரோவில் மேலே தொங்கும் பிடியைப் பிடிக்க முடியவில்லை. ஒரு நாள் அலுவலகத்தில் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு ஃபைலை எடுக்கப் போய்க் கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் வங்காளி. தனக்கும் இப்படி வந்து சரியாயிற்று என்று சொல்லி, பவானிபூரில் வீட்டுக்கே வந்து பார்க்கிற ஒரு பிசியோதெரபிஸ்டின் எண்ணைக் கொடுத்தார். உங்கள் ஊர்க்காரிதான் என்றும் சொன்னார்.

அவள் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சல்வார் கமீஸ், ரப்பர் அடி வைத்த செருப்பு, தோளில் பெரிய ரெக்சின் பை. வாசலில் "தீதி" என்று வங்காளத்தில் ஆரம்பித்தவள், சுவரில் தமிழ்க் காலண்டரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறி எந்த ஊர் என்று கேட்டாள். கரூர் என்றேன்.

"நாங்க திருநெல்வேலி. ஆனா நான் போனதில்ல," என்றாள்.

கொள்ளுத்தாத்தா ஒரு வியாபாரக் கம்பெனியில் குமாஸ்தாவாக வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அவள் நான்காவது தலைமுறை. வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளி வங்காளப் பள்ளிக்கூடம் இருந்ததால் அவளையும் தம்பியையும் அதிலேயே சேர்த்துவிட்டார்கள். வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள். ஆனால் அவளுக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. காலண்டரில் இருப்பது தமிழ் என்று அந்த எழுத்துகளின் உருண்டையை வைத்துக் கண்டுகொண்டாளாம். இதை எனக்கு நீச்சல் தெரியாது என்று சொல்வதுபோல இயல்பாகச் சொன்னாள். அவள் வாயிலிருந்து வந்தது திருநெல்வேலித் தமிழ். "வாரேன்", "சொல்லுதேன்", "அவுக இருக்காக" என்று அந்த ஊரை மிதிக்காத ஒருத்தி பேசுவதைக் கேட்பது எனக்குப் புதிதாக இருந்தது.

வாரத்துக்கு மூன்று நாள் வந்தாள். என் கையைச் சுவரில் வைத்து, விரல்களைச் சிலந்திபோல மேலே நடக்கவைப்பாள். நேற்று எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருப்பாள். அதைத் தாண்ட வேண்டும். அது முடிந்ததும் என்னைப் படுக்கவைத்து, முழங்கையைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற இடத்துக்கு ஒரு நூல் முன்னால் நிறுத்துவாள். அந்த இடம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. இந்த ஊர்த் தமிழர்கள் சிலர் சேர்ந்து இணையத்தில் ஒரு மாத இதழ் நடத்துகிறார்கள். நான் இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் போட்டவள் என்று யாரோ சொல்லி, அதன் ஆசிரியர் என்னைப் பிடித்துக்கொண்டார். கல்கத்தாவில் புதிதாக எழுதவந்திருக்கும் தமிழர்களைச் சந்தித்து மாதம் ஓர் உரையாடல் எழுதித் தர வேண்டும். நான் பத்துக் கேள்விகள் தயாரித்துக்கொண்டேன். எழுதத் தூண்டியது எது, எந்த நேரத்தில் எழுதுவீர்கள், எழுத்து வராத நாளில் என்ன செய்வீர்கள் என்று போகும். இந்தக் கேள்விகளை என்னிடமே யாராவது கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

முதல் ஆள் நியூ டவுனில் மென்பொருள் வேலை பார்ப்பவர். துப்பறியும் கதை எழுதுகிறார். கம்பெனி பஸ்ஸில் போகவர இரண்டரை மணி நேரம் கிடைக்கும், அதில் போனிலேயே எழுதுவார். எழுத வசதியாக இருக்குமே என்று அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே பத்தாவது மாடியில் வீடு பார்த்துக் குடிபோனார். எழுத்து நின்றுவிட்டது. இப்போது வேலை முடிந்ததும் ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்புகிறாராம். மனைவிக்கு இன்னும் தெரியாது, அதை மட்டும் போட்டுவிடாதீர்கள் என்றார். நான் போடவில்லை. இங்கே பெயர் இல்லாததால் சொல்கிறேன்.

இரண்டாவது, ஜாதவ்பூரில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண். கவிதை எழுதுகிறாள். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே மண்குவளையில் டீ வாங்கிக்கொண்டு மரத்தடி மேடையில் உட்கார்ந்து பேசினோம். தெளிவாகப் பதில் சொன்னாள். முதல் கவிதை எது என்று கேட்டதற்கு, ஊரில் வாய்க்காலில் தண்ணீர் வந்த நாளைப் பற்றியது என்றாள். நன்றாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

பதிவு செய்ததை எழுத்தில் கொண்டுவர வேண்டும். காலையில்தான் நேரம். ஆகவே சிகிச்சை நடக்கும்போதே போனில் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் கேட்பாள். அன்று அந்த வாய்க்கால் பதில் ஓடி முடிந்ததும் அவள் கையை அப்படியே நிறுத்தினாள்.

"இந்தப் பொண்ணு வேற ஒண்ணச் சொல்ல வந்துட்டு மாத்திட்டா அக்கா," என்றாள்.

எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன். மூச்சு என்றாள். சொல்லத் தொடங்குகிறபோது மூச்சு உள்ளே போகிறது, அது வெளியே வரவில்லை, புதிதாக இன்னொரு மூச்சு எடுத்துத்தான் வாய்க்கால் என்கிறாள். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல்கிற நோயாளிகள் எல்லாரும் இப்படித்தானாம். மறுபடி போட்டுக் கேட்டேன். மூன்றாவது தடவை எனக்கும் கேட்டது. அரை நொடி இருக்கும். தெருச் சத்தத்துக்கு நடுவே ஒரு மூச்சு உள்ளே போய் அங்கேயே நின்றது.

அன்று மாலை அந்த மாணவிக்குப் போன் செய்தேன். சுற்றிவளைத்து, அந்தக் கேள்விக்கு வேறு ஏதாவது சொல்ல நினைத்தாளா என்று கேட்டேன்.  ஆமாம், முதல் கவிதை வேறுதான், அதை யாரிடமும் காட்டியதில்லை என்றாள். எதைப் பற்றியது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வாய்க்காலையே போட்டுக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டாள். போட்டேன்.

அடுத்த தடவை வந்தபோது இதைப் பிசியோதெரபிக்காரியிடம் சொன்னேன். அவள் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை. வேறொன்று கேட்டாள். "எழுத்தாளர்னா புஸ்தகம் போட்டவங்கதானா அக்கா? சும்மா எழுதி வச்சுக்கிடுதவங்களும் அதுல உண்டா?"

உண்டு என்றேன். அப்படி யாரையாவது தெரியுமா என்றும் கேட்டேன். அவள் பென்சிலை எடுத்துச் சுவரில் புதுக்கோடு போட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் கிளம்பிப் போனாள்.

பதில் இரண்டு வாரம் கழித்து வந்தது. விடியலிலிருந்து மழை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். இதில் யார் வருவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது சல்வாரை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றாள். பயிற்சி முடிந்தது. அவள் அடுத்துப் போக வேண்டிய வீட்டிலிருந்து வர வேண்டாம் என்று போன் வந்துவிட்டது. எனக்கும் அன்று அலுவலகம் போக வழியில்லை. டீ போட்டேன். அவள் முறி என்கிற அரிசிப் பொரியில் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்து கொடுத்தாள். சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து பிளாஸ்டிக்கில் சுற்றிய ஒரு நோட்டை எடுத்து என் மடியில் வைத்தாள்.

திறந்தேன். பக்கம் பக்கமாக வங்காள எழுத்து. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வங்காளத்தில் எழுதுகிறாள், நல்லதுதான், ஆனால் என் இதழுக்கு உதவாது. பஸ் பலகை படிக்கிற அளவுக்கு அந்த எழுத்து எனக்குத் தெரியும். மரியாதைக்காக முதல் வரியை எழுத்துக்கூட்டினேன். வங்காளத்தில் வ கிடையாது. அதற்குப் பதிலாக ப-வை அழுத்திச் சொல்கிற ஓர் எழுத்தைப் போடுவார்கள். ஆகவே முதல் சொல்லைப் "பலது" என்று படித்தேன். அடுத்தது "காலுக்கு". அதற்கடுத்தது "பீடு". வங்காளத்தில் இதெல்லாம் என்ன சொல் என்று யோசித்துக்கொண்டே இன்னொரு தடவை வாய்விட்டுப் படித்தேன். அப்போதுதான் விளங்கியது.

வலது காலுக்கு வீடு மறந்துபோச்சு. வேலை மறக்கல.

நான் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தேன்.  அந்த நோட்டில் இருந்ததெல்லாம் தமிழ். வங்காள எழுத்துக்குள் அடி முதல் நுனிவரை தமிழ்.

தன் எழுத்துகளை அவள் எனக்குக் காட்டிக்கொடுத்தாள். வங்காளத்தில் குறில் எ, நெடில் ஏ என்ற வித்தியாசம் எழுத்தில் இல்லை. அவள் நெடிலுக்குத் தலையில் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தாள். ஒ, ஓ-வுக்கும் அப்படியே. ல-வின் கீழே ஒரு புள்ளி வைத்தால் ள. ற-வுக்குத் தனியாக ஒன்றும் வைக்கவில்லை. வாயில் ர, ற இரண்டும் ஒன்றாகத்தானே வருகிறது என்றாள். ழ-வுக்குத்தான் ரொம்ப நாள் ஆயிற்றாம். அவள் அம்மா ழ-வை விட்டுக்கொடுக்காதவள், பழத்தைப் பளம் என்று சொன்னால் தட்டில் வைக்கமாட்டாள். வங்காளத்தில் நாக்கை மடித்துச் சொல்கிற, கீழே ஒரு புள்ளி உள்ள ஓர் எழுத்து இருக்கிறது. அதை எடுத்து இன்னொரு புள்ளியும் வைத்திருந்தாள். இரண்டு புள்ளி வைத்தால் ழ. இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. தன் மொழிக்கு எங்கெங்கே எழுத்து போதவில்லை என்று காதாலேயே கண்டுபிடித்து ஒவ்வொன்றாக அடைத்திருக்கிறாள்.

வங்காளம் அவ்வளவு நன்றாகத் தெரிந்தவள் வங்காளத்திலேயே எழுதியிருக்கலாமே என்று கேட்டேன்.

"பஸ்ல, ஆட்டோல உக்காந்து எழுதுதேன் அக்கா. எல்லாம் நான் வைத்தியம் பாக்குத வீட்டு மனுஷங்களப் பத்தினது. பக்கத்துல இருக்கவங்க எட்டிப் பாப்பாங்க. இப்படி எழுதினா, படிக்கத் தெரிஞ்சவங்களுக்குப் புரியாது. புரிஞ்சவங்களுக்குப் படிக்கத் தெரியாது."

உன்னை மாதிரி வளர்ந்த தமிழர்கள் படித்துவிடுவார்களே என்றேன். சிரித்தாள். அப்படி இந்த ஊரில் நூறு பேர் இருக்கலாம், அவர்களில் ஒருத்தர் என் பக்கத்து சீட்டில் வந்து உட்காருகிற நாளில் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். பன்னிரண்டு வருஷமாக எழுதுகிறாள். தம்பிக்கு மட்டும் தெரியும். அவன் பெங்களூருவில் இருக்கிறான், படிக்கப் பொறுமை கிடையாது.

அதற்குமேல் என்னால் எழுத்துக்கூட்ட முடியவில்லை. நீயே படி என்று நோட்டைக் கொடுத்தேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, அவள் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து படித்தாள்.

ஒரு ட்ராம் ஓட்டுநரின் கதை. ஓய்வுபெற்று வீட்டில் இருந்தவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிடுகிறது. பேச்சும் போய்விட்டது. இந்த ஊர் ட்ராமில் மணியைக் கையால் அடிக்க மாட்டார்கள். ஓட்டுகிறவரின் காலடியில் ஒரு குமிழ் இருக்கும், அதைக் குதிகாலால் மிதித்தால் மணி அடிக்கும். முப்பது வருஷம் அந்தக் குமிழை மிதித்த கால், மூன்று படி ஏற மறுக்கிறது. ஆனால் தூக்கத்தில் மட்டும் குதிகால் மெத்தையை அழுத்துகிறது. சிகிச்சைக்கு வரும் பெண் அதைக் கவனிக்கிறாள். வீட்டில் கேட்டு ஒரு பித்தளைத் தட்டை வாங்கிக் கவிழ்த்து, நாற்காலியில் அவரை உட்காரவைத்து, குதிகாலின் கீழே வைக்கிறாள். தினமும் வைக்கிறாள். நாற்பதாவது நாளோ ஐம்பதாவது நாளோ, மனைவி சமையலறையில் மீன் நறுக்கிக்கொண்டிருக்கும்போது, தட்டு மூன்று தடவை ஒலிக்கிறது. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வழியை விட்டு விலகுகிறவளைப் போலச் சுவரோரமாக ஒதுங்கி நிற்கிறாள்.

இந்தக் கடைசி வரியைக் கேட்டதும் நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேன். இருபத்தைந்து வருஷமாகக் கதை எழுதுகிறேன். அந்தப் பெண்மணியைச் சுவரோரமாக ஒதுங்கவைக்க எனக்குத் தோன்றியிருக்காது. ஓடிவரச் செய்திருப்பேன், அழவைத்திருப்பேன்.

திரும்பி வந்து, நிஜமாகவே அவர் அடித்தாரா என்று கேட்டேன்.

"இல்ல அக்கா. நாலு மாசம் தட்டு வச்சேன். அடிக்கவே இல்ல. அப்புறம் அவுக போயிட்டாக." நோட்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "நடக்காம நின்னுபோனது அப்படியே நிக்கும்லா. அது என் கூடவே பஸ்ல வருது. அதத்தான் எழுதுதேன்."

என் பத்துக் கேள்விகளில் முதல் கேள்விக்கு அதுவரை கிடைத்த பதில்கள் எல்லாம் என் நோட்டில் இருந்தன. மழையை ரசிப்பேன், நிறையப் படிப்பேன், மனிதர்களைக் கவனிப்பேன் என்று. நானும் ஏதாவது மேடையில் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

இதை இதழில் போட வேண்டும் என்றேன். அவள் உடனே மறுத்தாள். வீட்டுக்குள் நம்பி விடுகிறார்கள், உடம்பைத் தொடவிடுகிறார்கள், அதைக் கொண்டுபோய்க் கடையில் வைக்கிறதா என்றாள். நான் வற்புறுத்தவில்லை. ஆனால் ஆசை விடவில்லை. குறைந்தபட்சம் தமிழ் எழுத்தில் ஒரு பிரதி எடுத்து வைப்போம், யாருக்கும் காட்ட வேண்டாம் என்றேன். அதற்கு ஒப்புக்கொண்டாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அவள் படிக்க நான் லேப்டாப்பில் அடித்தேன். அடிக்கும்போதே எனக்குப் பழகிய கை தன் வேலையைக் காட்டியது. "மறந்துபோச்சு" என்று அவள் சொன்னால் என் விரல் "மறந்துவிட்டது" என்று அடித்தது. "அவுக கால" என்பது "அவருடைய காலை" ஆயிற்று. ஓரிடத்தில் ஓர் உவமைகூடச் சேர்த்துவிட்டேன். முடித்ததும் பெருமையாக அவளுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா இதுல யாரும் மூச்சு விடல."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவள் குறையாகச் சொல்லவில்லை. தோள் இன்னும் இந்த இடத்தில் இறுக்கமாக இருக்கிறது என்று சொல்வாளே, அதே குரல். மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினோம். இந்தத் தடவை அவள் வாயில் என்ன வந்ததோ அதை மட்டும் அடித்தேன். அது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது.

துர்கா பூஜைக்குப் பந்தல் போட மூங்கில் நட ஆரம்பித்த சமயத்தில் அவளே ஒரு நாள் பேச்சை எடுத்தாள். அந்த ட்ராம் ஓட்டுநரின் மனைவியைப் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறாள். அவர் வேண்டாம் என்றால் கதை நோட்டிலேயே இருக்கட்டும். சரி என்றால் போட்டுக்கொள்ளலாம். நானும் கூட வர வேண்டும் என்றாள்.

பவானிபூரிலேயே ஒரு சந்தில், இரண்டாவது மாடி. சித்தி முறையில் மாஷிமா என்று அவள் கூப்பிட்ட அந்த அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளையில் மெல்லிய கரை போட்ட புடவை. எங்களைக் கட்டிலில் உட்காரவைத்துச் சந்தேஷ் என்கிற பால் இனிப்பைக் கொடுத்தார். சுவரில் கணவரின் படம், காக்கிச் சட்டையில். இவள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அதிலிருந்த தமிழைப் பார்த்துப் பார்த்து வங்காளத்தில் சொல்லிக்கொண்டே போனாள். எங்கும் திக்கவில்லை. எனக்கு முக்கால்வாசி புரிந்தது. மீதியை அந்த அம்மாளின் முகத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

தட்டு ஒலிக்கிற இடம் வந்தது. அந்த அம்மாள் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.  நடக்காததை எப்படிச் சொல்லலாம் என்று கேட்கப்போகிறார், அழப்போகிறார், இவளை இனி வராதே என்று சொல்லப்போகிறார் என்று என்னென்னவோ நினைத்தேன்.

"மூணு இல்லை," என்றார் வங்காளத்தில். "அவர் ரெண்டு தடவைதான் அடிப்பார். எங்க சந்து முனையைத் தாண்டும்போது ரெண்டு. மூணு அடிச்சு நான் கேட்டதில்லை."

இவள் பையிலிருந்து பேனாவை எடுத்து அடித்துத் திருத்தினாள். அந்த அம்மாள் நோட்டின் பக்கம் குனிந்து பார்த்தார். எழுத்து தெரிகிறது, ஒரு சொல்லும் விளங்கவில்லை. என்ன பாஷை என்று கேட்டார். எங்கள் வீட்டுப் பாஷை என்றாள் இவள். அவர் அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, மீதியையும் சொல் என்றார். சுவரோரமாக ஒதுங்கி நிற்கிற இடம்வரை சொல்லி முடித்தாள். கீழே பந்தல்காரர்கள் மூங்கில் கட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. போடலாமா என்று இவள் கேட்டாள். போடு, ஆனால் ரெண்டு என்று போடு என்றார் அந்த அம்மாள்.

படி இறங்கி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கதை எழுதினவள் அடிக்காத ஒரு மணியைக் காதால் கேட்டாள். அந்த மனைவியும் அதைக் கேட்டார், எத்தனை தடவை என்பதுவரை. நான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து சந்தேஷ் தின்றுகொண்டிருந்தேன்.

கதை அடுத்த மாத இதழில் வந்தது. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இதழின் ஆசிரியர் முதலில் தயங்கினார், பிறகு படித்துவிட்டு அப்படியே போட்டார். திருநெல்வேலியிலிருந்து ஒருவர், இதை எழுதியவர் எங்கள் பக்கத்தில் எந்த ஊர் என்று கேட்டு எழுதினார். அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். வெட்கத்தோடு துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு என் போனை வாங்கித் திரையில் தன் கதையைப் பார்த்தாள். அவளால் படிக்க முடியாத தன் கதை. மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தாள்.

"என் ழ எங்க அக்கா இருக்கு?" என்று கேட்டாள்.

தேடிக் காட்டினேன். "கீழே" என்ற சொல்லில் ஒன்று, "வழியை" என்பதில் ஒன்று. விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். புள்ளியே இல்லையே என்றாள். அதன் வளைவையும் கீழே தொங்குகிற சுழியையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு ஒரு நாள் முறைப்படி உரையாடல் பதிவு செய்ய உட்கார்ந்தோம். பத்துக் கேள்விகளில் நான்குதான் கேட்டேன். எழுத்து வராத நாளில் என்ன செய்வாய் என்றதற்கு, அப்படி ஒரு நாள் வந்ததே தெரியாது, எழுத நேரம் கிடைக்காத நாள்தான் தெரியும் என்றாள். மீதிக் கேள்விகளை நான் மடித்து வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு சந்தித்த இளைஞர்களிடமும் அந்தப் பட்டியலைக் கொண்டுபோகவில்லை. அவர்கள் பேசுவதைக் கேட்கிறேன். மூச்சு எங்கே நிற்கிறது என்று கவனிக்கப் பார்க்கிறேன். அவளுக்குக் கேட்பதில் பத்தில் ஒரு பங்குகூட எனக்குக் கேட்பதில்லை.

இப்படி இன்னும் பதினோரு நோட்டுகள் இருப்பதாக அவள் அப்புறம்தான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கிறாள், நான் அடிக்கிறேன். மூன்றாவது நோட்டில் இருக்கிறோம். எல்லாவற்றையும் வெளியிட அவளுக்கு விருப்பமில்லை. எதைக் கேட்டாலும் முதலில் அந்த வீட்டில் கேட்கணும் என்கிறாள். இரண்டு வீடுகளில் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டு கதைகளும் அற்புதமானவை, அவற்றைப் பற்றி நான் இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை.

அவளுக்குத் தமிழ் எழுத்து கற்றுக்கொள்ள அவசரமில்லை. கற்றுக்கொள்ள வேண்டியவள் நான்தான் என்று தோன்றியது. பள்ளிப் பிள்ளைகளின் வங்காள அரிச்சுவடி ஒன்று வாங்கி, அலுவலகம் போகவர மெட்ரோவில் படித்தேன். அவளுடைய கோடுகளையும் புள்ளிகளையும் ஒரு தாளில் எழுதி அந்தப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டேன்.

போன மாதம் தம்பியைப் பார்க்க ஒரு வாரம் பெங்களூரு போனாள். போகும்போது நான்காவது நோட்டை என்னிடம் விட்டுப்போனாள். முடிந்தால் படிங்க என்றாள். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஒரு பக்கம் படிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. பாதம் உள்நோக்கி வளைந்து பிறந்த ஒரு குழந்தை. இரண்டு காலுக்கும் மாவுக்கட்டு. கட்டுக்கு வெளியே தெரிவது பத்து விரல்கள் மட்டும். தாய் தினமும் காலையில் அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, கலத்தில் சோறு பரிமாறுகிறவளைப் போல, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொல்கிறாள். ஒன்பது விரலுக்குப் பெயர் வந்துவிட்டது. பத்தாவது விரலுக்குப் பெயர் சொல்ல வாயைத் திறக்கிறாள். அந்த இடத்தில் பக்கம் முடிந்தது.

எனக்கு அடுத்த பக்கத்தைக் கூட்டிப் படிக்கப் பொறுமை இல்லை. பெங்களூருக்குப் போன் போட்டேன். பின்னால் ஒரே சத்தம். தம்பி வீட்டுப் பக்கத்தில் யாரோ ஒரு பெரியவருக்கு முழங்கால் வலி என்று பார்க்கப் போயிருக்கிறாளாம்.

"பத்தாவது விரலுக்கு என்ன பேரு?" என்று கேட்டேன்.

"அக்கா, இவுக காலப் பிடிச்சிட்டு இருக்கேன். கொஞ்சம் கழிச்சுக் கூப்பிடுதேன்," என்று வைத்துவிட்டாள்.

அரிச்சுவடியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.